கவிஞரின் காதலி என்று நிறுத்திவிடாமல் ஆன் வாவசூரின் கதையை எழுதுவது எப்படி

முதலாம் எலிசபெத் ராணியின் அந்தரங்கப் பணிப்பெண்ணாக இருந்த ஆன் வாவசூரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வேலையாக அவளோடு சேர்த்துப் பேசப்படும் கவிதைகளை ஓரமாக எடுத்து வையுங்கள், ஏனென்றால் அவற்றில் அவள் பெருமூச்சு விடுவாளே தவிர என்றைக்கு அரண்மனைக்கு வந்தாள், யாரிடம் சண்டை, யாருக்கு எவ்வளவு அபராதம் என்றெல்லாம் ஒன்றும் கிடைக்காது. அதெல்லாம் கடிதங்களிலும் வழக்குத் தாள்களிலும்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட பெண்கள் வம்பில் மாட்டும்போதுதான் ஆவணங்களில் தலைகாட்டுகிறார்கள். அங்கிருந்தே தொடங்குங்கள்.

வால்சிங்காம், அதாவது ராணியின் செயலர், 1581 மார்ச் 23 அன்று எழுதிய கடிதம் ஒன்று போதும். செவ்வாய் இரவு பணிப்பெண்களின் அறையிலேயே ஆன் ஆண் குழந்தை பெற்றாள், தந்தை ஆக்ஸ்ஃபோர்டு பிரபு என்கிறார்கள், அவர் கடல் தாண்டி ஓடப் பார்க்கிறார் என்று அதில் இருக்கிறது. (அதே அறையில், ராணிக்கு இத்தனை பக்கத்தில், அத்தனை மாதம் எப்படி மறைத்தாள் என்பதை நினைத்தாலே எனக்கு வியர்க்கிறது.) அந்தப் பிரபுதான் கவிஞர் எட்வர்ட் டி வியர், ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், மாமனார் ராணியின் முதன்மை அமைச்சர் பர்லி. தாயும் தந்தையும் லண்டன் கோபுரச் சிறைக்குப் போனார்கள்.

தேதியில் கவனம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-ல்தான் மாறும், அதனால் மார்ச் 23 தேதியிட்ட தாளில் 1580 என்று பார்த்தால் பதறவேண்டாம், நம் கணக்கில் அது 1581. இதைக் குழப்பிக்கொண்டால் குழந்தை சிறைக்கு ஓராண்டு முன்பே பிறந்துவிடும்.

அடுத்து உறவினர்களைப் பிடியுங்கள். 1582-ல் ஆனின் உறவினர் தாமஸ் நைவெட்டும் டி வியரும் வாளெடுத்து மோதி இருவருமே காயப்பட்டார்கள், இரு தரப்பு ஆட்களின் சண்டையும் அதோடு நிற்கவில்லை. அவளைப் பற்றி அவள் வீட்டார் என்ன நினைத்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சரி, இப்போது கவிதைக்கு வரலாம். அவள் பெயரில் ஓர் எதிரொலிக் கவிதை உண்டு: எனக்கு இந்தக் காய்ச்சலை முதலில் தந்தது யார் என்று ஒரு பெண் கேட்கிறாள், ‘ஃபீவர்’ என்ற கடைசிச் சொல்லின் வால் ‘வியர்’ என்று திரும்பி வருகிறது. அழகான குறும்பு. ஆனால் எழுதியது ஆனா, டி வியரா என்று இன்றும் சண்டை ஓயவில்லை, ஆகவே இதை அவளுடைய வாக்குமூலமாக வைத்து எழுதாதீர்கள்.

அப்புறம், பெரும்பாலோர் சறுக்கும் இடம்: டி வியரோடு கதையை முடித்துவிடுவது. அந்த உறவு அவள் வாழ்வில் சின்னத் துண்டு. குதிரையேறி ஈட்டியால் மோதும் போட்டிகளில் ராணியின் சார்பாக இறங்கிய வீரர் சர் ஹென்றி லீயோடு அவர் 1611-ல் இறக்கும்வரை ஆக்ஸ்ஃபோர்டுஷையரின் டிச்லியில் பல ஆண்டுகள் வாழ்ந்தாள், சட்டப்படி ஜான் ஃபின்ச் என்பவரின் மனைவியாக இருந்துகொண்டே. லீக்குப் பின், ஃபின்ச் உயிரோடிருக்கையிலேயே ஜான் ரிச்சர்ட்சனைக் கட்டிக்கொண்டு, இருதார வழக்கில் சிக்கி, 2000 பவுண்டு அபராதம் வாங்கினாள். பணிப்பெண்களின் அறையில் பிறந்து பேச்சுக்கு ஆளான அந்தக் குழந்தையோ எட்வர்ட் வியர் என்ற பெயரில் வளர்ந்து, போர்வீரனாகி, சர் பட்டமும் பெற்று, 1629-ல் நெதர்லாந்துப் போர்க்களத்தில் இறந்தான். அவன் பெயரையும் தேடல் பட்டியலில் சேருங்கள், படைத் தாள்களிலும் அவள் கதையின் ஒரு நுனி இருக்கிறது.