வெயில்ல வைப்பர் போட்டவன் சொல்றேன்: கலிஃபோர்னியால வாடகை கார் ஓட்டுறது எப்படி

சாயங்காலம் ஆறு மணிக்கு காந்திபுரம் சிக்னலத் தாண்டி வண்டி ஓட்டுற ஆளுக்கு அமெரிக்கா ரோடு ஒரு பெரிய விஷயமே இல்லங்க. படுத்துறது நம்ம கையும் காலும்தான், இருபது வருஷமா பழகினத அதுங்க லேசுல விடாது. அது போக கவுன்ட்டர்ல கையெழுத்து போடுற அந்தப் பத்து நிமிஷம். நான் கோயம்புத்தூர்லேர்ந்து குடும்பத்தோட போயி சான் ஃபிரான்சிஸ்கோல கார் எடுத்து லாஸ் ஏஞ்சல்ஸ், வேகாஸ்னு சுத்திட்டு வந்தேன், அதனால இங்க சொல்றது பெரும்பாலும் கலிஃபோர்னியா கதை, வேற ஸ்டேட் போறவங்க அந்த ஊரு ரூல ஒரு தடவ பாத்துக்குங்க.

லைசென்ஸ்லேர்ந்து ஆரம்பிக்கலாம். 18 வயசு தாண்டின டூரிஸ்ட் கலிஃபோர்னியால சொந்த நாட்டு லைசென்ஸ வச்சே ஓட்டலாம். ஆனா இது ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறும், சில ரென்டல் கம்பெனியும் கேக்கும், அதனால கெளம்புறதுக்கு முன்னாடி ஆர்டிஓல இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி வச்சுக்குங்க, ஒரு வருஷம் செல்லும். பெர்மிட் மட்டும் இருந்தா பத்தாது, ஒரிஜினல் கார்டும் கையில இருக்கணும், டிஜிலாக்கர திறந்து காட்டலாம்னு நெனச்சு கார்ட வீட்டுல வச்சுட்டுப் போயிடாதீங்க.

யாரு ஓட்டுறாங்களோ அவங்க பேர்லயே கிரெடிட் கார்டு வேணும். மச்சான் கார்டுல புக் பண்ணிட்டு நான் போயி வண்டிய எடுத்துக்கறேன்ங்கறது நடக்காது. பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் யூஸேஜ் ஆன்ல இருக்கா, லிமிட் எவ்வளவுன்னு ஊர்லயே பாத்துடுங்க, ஏன்னா வாடகை போக சில நூறு டாலர பிடிச்சு வச்சுக்குவாங்க, வண்டிய திருப்பிக் குடுத்து சில நாள் கழிச்சுதான் அது விடுபடும். 25 வயசுக்கு கீழன்னா தினமும் தனியா ஒரு சார்ஜ் வேற.

இப்ப இன்சூரன்ஸ். இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க, கொஞ்சம் பொறுமையா படிங்க. ரெண்டு விஷயம் இருக்கு, நீங்க எடுத்த வண்டிக்கு அடிபட்டா யாரு குடுக்கறதுங்கறது ஒண்ணு (சிடிடபிள்யூ, எல்டிடபிள்யூன்னு சொல்லுவாங்க), நீங்க இடிச்ச அடுத்தவன் வண்டிக்கும் அவன் ஆஸ்பத்திரி செலவுக்கும் யாரு குடுக்கறதுங்கறது இன்னொண்ணு, அதுக்கு பேரு லயபிலிட்டி. நம்மாளுங்க முதல் ஒண்ணதான் கவனிப்பாங்க, ஆனா வயித்துல புளியக் கரைக்கறது ரெண்டாவதுதான். கலிஃபோர்னியா சட்டம் கேக்கற குறைஞ்சபட்ச லயபிலிட்டி 2025லேர்ந்து ஒரு ஆளோட காயத்துக்கு 30,000 டாலர், ஒரு ஆக்சிடென்ட்டுக்கு மொத்தமா 60,000, அடுத்தவன் பொருளுக்கு 15,000. அமெரிக்கா ஆஸ்பத்திரில எலும்பு முறிவுன்னு ஒருத்தன் படுத்தா இந்தக் காசு எந்த மூலைக்கு? அங்கயே இருக்கறவங்க "இன்சூரன்ஸ் வேணாம்னு சொல்லிடு, நாங்கல்லாம் வாங்கறதே இல்ல"ம்பாங்க, அவங்க சொந்த கார் பாலிசி வாடகை வண்டிக்கும் வரும், அதனால அவங்களுக்கு அது சரி, நமக்கு அங்க ஏது பாலிசி? நாம ஊர்ல எடுக்கற டிராவல் இன்சூரன்ஸ் நம்ம உடம்புக்குதான், நாம இடிச்சதுக்கு பொதுவா வராது. ஒரு வழி இருக்கு, புக் பண்ணும்போது வசிக்கற நாடு இந்தியான்னு போட்டு தேடுங்க, பல சமயம் ரெண்டு கவரும் சேந்தே ஒரு ரேட் வரும், தனித்தனியா கவுன்ட்டர்ல வாங்கறத விட மலிவா இருக்கும். அந்த பேப்பர பிரின்ட் எடுத்து கையில வச்சுக்குங்க.

ஏன் பிரின்ட்டுன்னா, இருபது மணி நேரம் ஃபிளைட்ல வந்து, குழந்த தோள்ல தூங்கிட்டிருக்க, கவுன்ட்டர்ல இருக்கறவர் சிரிச்சுக்கிட்டே டேப்லெட்ட நீட்டி இங்க இங்க இங்கன்னு கையெழுத்து கேப்பாரு. நான் போட்டேன். ஹோட்டல்ல வந்து பாத்தா ஏற்கனவே இருந்த கவர திரும்ப ஒரு தடவ வித்திருக்காங்க, கூடவே ப்ரீபெய்ட் பெட்ரோல், அதுவும் ஃபுல் டேங்க்குக்கு காசு, மிச்சம் வச்சு குடுத்தா திரும்ப வராது. எந்த கம்பெனின்னு சொல்லல, எல்லா இடத்துலயும் இது நடக்கும். ஒவ்வொரு வரிக்கும் "இது கட்டாயமா?"ன்னு கேளுங்க, பின்னாடி க்யூ நின்னா நிக்கட்டும்.

குழந்த இருந்தா சீட் கட்டாயம். 8 வயசுக்கு கீழ பின்சீட்ல கார் சீட் இல்லன்னா பூஸ்டர் (குழந்தைய ஒசத்தி உக்கார வைக்கற சீட்டு), 2 வயசுக்கு கீழன்னா பின்பக்கம் பாத்த மாதிரி. மடியில வச்சுக்கற கதையெல்லாம் அங்க கெடையாது. வாடகைக்கும் குடுப்பாங்க, தினசரி சார்ஜ்.

வண்டிகிட்ட போனதும் நாலு பக்கமும், கண்ணாடி, டயர், மீட்டர் எல்லாம் வீடியோ எடுங்க. உங்களுக்கு எலக்ட்ரிக் கார தள்ளி விட்டாங்கன்னா, சார்ஜிங் ஆப் எல்லாம் பழக்கமில்லாதவங்க தயங்காம பெட்ரோல் வண்டி கேளுங்க. உக்காந்த உடனே கெளம்பாதீங்க, பார்க்கிங்லயே பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்க. நம்மூர் கார்ல பெரும்பாலும் இண்டிகேட்டர் வலது கைப்பக்கம் இருக்கும், அங்க இடது பக்கம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் கொளுத்தற வெயில்ல வைப்பர் ஓடும், பின்னாடி வர்றவன் என்ன நெனப்பானோ. எல்லாம் ஆட்டோமேட்டிக், இடது கால ஓரமா வச்சுட்டு மறந்துடுங்க, கிளட்ச்னு நெனச்சு பிரேக்க மிதிச்சா குடும்பமே முன்னாடி வந்து விழும்.

வலது பக்கமா ஓட்டறது நெறைய வண்டி ஓடுற இடத்துல தானா வந்துரும், முன்னாடி போறவன் பின்னாடியே போனா ஆச்சு. ஆபத்து ஆளில்லாத தெருவுலதான். காலைல முத தடவ எடுக்கும்போது, பெட்ரோல் பங்க்லேர்ந்து வெளிய வரும்போது, லெஃப்ட் திரும்பி காலி ரோட்டுல ஏறும்போது கை தானா பழைய பக்கம் போயிரும். நான் வச்ச கணக்கு இதுதான்: ஸ்டியரிங்ல இருக்கறவன் எப்பவும் ரோட்டு நடுவுப் பக்கம், மஞ்சக் கோடு எனக்கு இடது கைப்பக்கம். எதிரும் புதிருமா போற வண்டிங்கள பிரிக்கறது மஞ்சக் கோடு, ஒரே திசைல போறத பிரிக்கறது வெள்ள. இது போக வீட்டம்மாவுக்கு ஒரு வேல குடுத்தேன், ஒவ்வொரு திருப்பத்துலயும் "ரைட்டு ரைட்டு"ன்னு சொல்லணும், ரெண்டு நாள்ல டவுன் பஸ் கண்டக்டர் ஆயிட்டாங்க.

ஸ்டாப் போர்டு பாத்தா வண்டி முழுசா நிக்கணும். யாரும் வராட்டியும், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் சக்கரம் நிக்கணும். நாலு பக்கமும் ஸ்டாப் இருந்தா முதல்ல வந்து நின்னவர் முதல்ல போவார், ஒரே நேரத்துல வந்தா வலது பக்கம் இருக்கறவருக்கு வழி விடணும். போலீஸே இல்லாம இது நடக்கறத பாக்க எனக்கு ரெண்டு நாள் ஆச்சரியம் தீரல. சிவப்பு சிக்னல்ல ரைட் திரும்பலாம், நம்மூர் ஃப்ரீ லெஃப்ட் மாதிரிதான், ஆனா முழுசா நின்னு, நடக்கறவங்க, வர்ற வண்டி எல்லாம் பாத்துட்டு. வேணாம்னு போர்டு இருந்தாலோ சிவப்பு அம்புக்குறி எரிஞ்சாலோ கூடாது. நியூயார்க் சிட்டில போர்டு இருந்து அனுமதிச்சா தவிர திரும்பவே கூடாது.

மஞ்ச ஸ்கூல் பஸ் சிவப்பு லைட்ட மின்ன விட்டு நின்னா நீங்களும் நில்லுங்க, சாதாரண ரெண்டு லேன் ரோட்டுல எதிர்ப்பக்கம் வந்தாலும் நிக்கணும், இதுல அபராதம் பலமா இருக்கும். ஹாரன மறந்துடுங்க, பத்து நாள்ல நான் ஒரு தடவ அடிச்சேன், அதுவும் கை பட்டு. இன்னொண்ணு, நம்மூர்ல ஹெட்லைட்ட அடிச்சா "நான் வர்றேன், நீ நில்லு", அங்க எதிர்ல இருக்கறவன் அடிச்சா பெரும்பாலும் "நீ போ". நான் நின்னேன், அவனும் நின்னான், ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் மாப்பிள்ள வீட்டுக்காரங்க மாதிரி மரியாத பண்ணிக்கிட்டோம்.

ஃப்ரீவேல ஏறும்போது பயந்து மெதுவா போறதுதான் ஆபத்து, ஏறுற சரிவு ரோடு, அதான் ரேம்ப், அதுலயே மத்தவங்க வேகத்துக்கு வந்துடணும். 65 மைல்னா கிட்டத்தட்ட 105 கிலோமீட்டர். ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற இன்டர்ஸ்டேட் ஹைவேல ஒத்தப்படை நம்பர் வடக்கு தெற்கு, ரெட்டப்படை கிழக்கு மேற்கு, இத தெரிஞ்சுக்கிட்டா போர்டு பாதி புரிஞ்சுரும். எக்ஸிட் விட்டுட்டா பதறாதீங்க, ரிவர்ஸ் மட்டும் எடுக்காதீங்க, அடுத்ததுல எறங்கி திரும்பலாம். இடது ஓரத்துல வைரக்குறி போட்ட லேன் கார்பூல், அதாவது பல பேர் சேந்து போற வண்டிக்கு, அதுல எத்தன பேர் இருக்கணும்னு போர்டுல போட்டிருக்கும், தனியா போனா ஏறாதீங்க. டோல்ல நம்மூர் மாதிரி பூத்துல நின்னு குடுக்கற கதை பல இடத்துல இல்ல, கோல்டன் கேட் பிரிட்ஜ்ல 2013லேர்ந்து ஆளே கெடையாது, நம்பர் பிளேட்ட ஃபோட்டோ எடுத்துரும், அதுவும் சிட்டிக்குள்ள வர்ற பக்கம் மட்டும்தான். ரென்டல் கம்பெனி டோல் பிளான்ல சிலது ஒரு தடவ பாலம் தாண்டினாலே பல நாளுக்கு சார்ஜ் போடும், அதனால பிளேட் நம்பர போட்டு ஆன்லைன்ல நாமளே கட்டலாமான்னு முன்னாடியே பாத்துக்குங்க.

பெட்ரோல அங்க கேஸ்ங்கறாங்க, நாமளே போட்டுக்கணும். கார்ட சொருகினா மெஷின் ஜிப் கோடு (அவங்க ஊரு பின்கோடு) கேக்கும், நம்ம கார்டுக்கு ஏது ஜிப் கோடு, உள்ள கடைல போயி "பம்ப் நம்பர் ஆறு, நாப்பது டாலர்"னு சொல்லுங்க, கம்மியா போனா மிச்சத்த திருப்பிருவாங்க. பம்ப்ல 87னு ஆக்டேன் நம்பர் போட்ட பெட்ரோலே சாதாரண வண்டிக்கு போதும். ஒரு கேலன் 3.785 லிட்டர். வேகாஸ் போற பாலைவனத்துலயும் பிக் சர் கடற்கரை ரோட்லயும் பங்க்கும் ஃபோன் சிக்னலும் அரிது, டேங்க்க ரொப்பி மேப்ப டவுன்லோட் பண்ணிட்டு கெளம்புங்க. ஃபோன ஸ்டாண்டுல மாட்டுங்க, கையில புடிச்சா அபராதம்.

சான் ஃபிரான்சிஸ்கோல பார்க்கிங் ஒரு தனி சாஸ்திரம். நடைபாத ஓரத்துல சிவப்புன்னா நிக்கவே கூடாது, மஞ்ச சரக்கு எறக்கற வண்டிக்கு, வெள்ள ஆள் எறக்கி ஏத்த, பச்ச கொஞ்ச நேரம், நீலம் மாற்றுத்திறனாளிகளுக்கு. மேட்டுல நிறுத்தினா சக்கரத்த திருப்பி வைக்கணும், எறக்கத்த பாத்து நின்னா நடைபாத பக்கம், ஏத்தத்த பாத்து நின்னா ரோட்டுப் பக்கம், வைக்காட்டி அபராத டிக்கெட். கார்ல ஒரு துணிப்பை கூட கண்ணுக்கு தெரியற மாதிரி விடாதீங்க, கண்ணாடிய ஒடச்சுருவாங்க.

பின்னாடி போலீஸ் லைட்ட போட்டா வலது ஓரமா நிறுத்தி உள்ளயே உக்காருங்க. நம்மூர் பழக்கத்துல கதவத் தொறந்து எறங்கி "சார்"னு நடந்து போனா அவங்க அத வேற மாதிரி எடுத்துக்குவாங்க. கண்ணாடிய எறக்கி, ரெண்டு கையும் ஸ்டியரிங்க் மேல, பேப்பர அவர் கேட்டப்புறம் சொல்லிட்டு எடுங்க. காசு எடுக்கற மாதிரி ஒரு அசைவு கூட வேணாம்.

திருப்பிக் குடுக்கற அன்னிக்கு ஏர்போர்ட்டுக்கு ஒட்டின பங்க்க விட்டு கொஞ்சம் தள்ளியே டேங்க்க ரொப்புங்க, ஒட்டினதுல வெல ஜாஸ்தி இருக்கும், ரசீதும் வாங்குங்க. ரிட்டர்ன் நுழைவுல தரைல இரும்பு முள்ளு இருக்கும், ஏறினப்புறம் பின்னாடி மட்டும் எடுக்காதீங்க, நாலு டயரும் போயிரும். மறுபடி ஒரு வீடியோ, சீட்டுக்கு அடில ஒரு பார்வை, கணக்கு முடிஞ்ச ரசீது. ஊருக்கு வந்து ரெண்டு மாசம் அந்த கார்டு ஸ்டேட்மென்ட்ட பாத்துக்கிட்டே இருங்க, எனக்கு டோல் ஒண்ணு அஞ்சாவது வாரம்தான் வந்துச்சு.