நிஷிகசாயில் குடியேறப்போகிறவர்களுக்கு

டோக்கியோவில் வேலை என்றதும் நண்பர்கள் முதலில் சொல்லும் பெயர் நிஷிகசாய்தான். எடோகாவா வார்டில், அராகாவா ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்ய வந்த இந்தியப் பொறியாளர்கள் பலர் இங்கே தங்கினார்கள். தோசாய் லைன் மெட்ரோ ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் நிஹோன்பாஷி, ஓதெமாச்சி அலுவலகங்களுக்குப் போய்விடலாமே! துவரம்பருப்பும் புளியும் இன்று நடக்கிற தூரத்திலேயே கிடைக்கின்றன. அதனால் சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டைப் பற்றித்தான் நன்றாக யோசிக்க வேண்டும்.

முதலில் யூஆர் என்னும் அரசு சார்ந்த வாடகைக் குடியிருப்புகளில் விசாரியுங்கள். ரெய்கின், அதாவது வீட்டுக்காரருக்குக் கொடுத்துத் திரும்பி வராத பணம், இல்லை, புரோக்கர் கமிஷன் இல்லை, ஜாமீன் போட ஆள் தேட வேண்டியதில்லை. முன்பணமும் வருமானச் சான்றும் இருந்தால் போதும். ஆனால் அடுக்கடுக்காகக் குடும்பங்கள் வாழும் கட்டடங்கள் அவை. விடியற்காலை மிக்ஸி சத்தமும் குழந்தைகள் ஓடும் சத்தமும் கீழ்வீட்டுக்குக் கேட்கும். குடிபோன வாரமே கீழ்வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள்.

எந்த மாடி என்பது இங்கே பெரிய விஷயம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் இந்தப் பக்கம் தரை தாழ்ந்துபோனது. எடோகாவா வார்டில் ஏறக்குறைய 70 சதவீத நிலம் கடலின் உயர் அலைமட்டத்துக்குக் கீழே இருக்கிறது. வார்டு நிர்வாகம் 2019-இல் வெளியிட்ட வெள்ள அபாய வரைபடத்தின் அட்டையிலேயே ‘இங்கே இருக்கக் கூடாது’ என்று அச்சிட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் பெரும்புயல் வந்தபோது மக்களை வெளியேறச் சொன்னார்கள். பயந்து வராமல் இருக்க வேண்டாம். தரைத்தள வீட்டை மட்டும் தவிர்த்துவிடுங்கள் என்பேன். மேட்டுப்பகுதியில் இருக்கும் நண்பர் யாரிடமாவது, புயல் எச்சரிக்கை வந்தால் முந்தின நாளே வந்துவிடுகிறோம் என்று இப்போதே பேசி வையுங்கள்.

அந்த வரைபடத்தை கசாய் ஜிமுஷோ என்னும் வார்டு கிளை அலுவலகத்தில் கேளுங்கள். குடிவந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதிய எப்படியும் அங்கே போகத்தான் வேண்டும். குப்பை எடுக்கும் நாள் தெருவுக்குத் தெரு மாறும், அதற்கான அட்டவணையையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்குள் பையை வைத்து, மேலே வலையைச் சரியாக மூடுங்கள். இல்லாவிட்டால் காக்கைகள் கிழித்துப்போடும். பழைய சோபா, மெத்தை போன்றவற்றுக்கு முன்பதிவும் கட்டணமும் உண்டு.

அப்புறம் ரயில். சில நிலையங்களைத் தாண்டிப்போகும் சாதாரண ரேப்பிட் வண்டி நிஷிகசாயில் நிற்காது. உராயாசுவிலிருந்து வரும்போது தெரியாமல் ஏறினால் தோயோச்சோவில் போய் இறங்க வேண்டியதுதான். கொரோனாவுக்கு முன் காலை நெரிசல் கிபா, மொன்சென்நகாச்சோ நிலையங்களுக்கு இடையே வண்டியின் கொள்ளளவில் 199 சதவீதம் வரை போனது. அலுவலகம் அனுமதித்தால் 7 மணிக்கு முன்பே கிளம்பிவிடுங்கள்.

குழந்தைகள் இருந்தால் முதல் ஞாயிறே கியோசென் பூங்காவுக்குப் போய் வாருங்கள். உள்ளே இருக்கும் சிறிய விலங்குக்காட்சிசாலைக்குக் கட்டணம் கிடையாது, திங்கட்கிழமை மூடியிருக்கும்.