காந்தத்தைச் சூட்டில் வைக்கும்போது எங்கே சறுக்குகிறோம்?

நியோடிமியம் காந்தத்தின் கியூரி வெப்பநிலை சுமார் 310 டிகிரி செல்சியஸ். இதைப் பார்த்துவிட்டு, "நம் மோட்டார் 120-ஐத் தாண்டாது, கவலையில்லை" என்று முடிவு செய்வதுதான் முதல் தவறு. கியூரி வெப்பநிலையில் காந்தத்தன்மை மொத்தமாகவே போய்விடும். சரிவு அதற்கு வெகு முன்பே தொடங்கும். சாதாரண ரகத்துக்கு விவரத்தாளிலேயே உச்ச வரம்பு 80 டிகிரிதான் என்று போட்டிருக்கும். கூடுதல் சூடு தாங்கும் எச் (H) ரகத்துக்கு 120, எஸ்எச் (SH) ரகத்துக்கு 150.

சரி, 80 வரை கண்ணை மூடிக்கொண்டு நம்பலாமா? கூடாது. சூடு ஏற ஏற இதன் புலம் டிகிரிக்குச் சுமார் 0.12 சதவீதம் குறையும், ஆறியதும் திரும்பிவிடும். ஆனால் எதிர்ப்புலத்தை, அதாவது எதிர்த்திசையில் வந்து காந்தத்தன்மையை அழிக்கப் பார்க்கும் புலத்தைத் தாங்கும் திறன் டிகிரிக்கு ஏறக்குறைய 0.6 சதவீதம் சரிகிறது. மெல்லிய தகட்டுக் காந்தத்துக்கு அதன் சொந்தப் புலமே எதிரி. அது 80-க்குக் கீழேயே கொஞ்சம் வலுவிழக்கலாம். அந்த இழப்பு ஆறினாலும் திரும்பாது, மறுபடி காந்தமேற்றத்தான் வேண்டும். தடித்த காந்தத்துக்கு அதே சூடு ஒன்றும் செய்யாது. புலத்துக்கு வழிவிடும் இரும்புச் சுற்றுக்குள் பத்திரமாக இருக்கும் காந்தம்கூட, வெளியே தனியாகக் கிடந்தால் தாங்காது. பொருத்துவதற்கு முன் வெறும் காந்தத்தைச் சூட்டறையில் வைத்துக் கெடுப்பது இப்படித்தான். மோட்டார் ஓடாமலேயே காந்தம் பாதி செத்திருக்கும்!

இரும்பு ஆக்சைடில் செய்த ஃபெரைட் காந்தம் இதற்கு நேர்மாறு. அதன் தாங்கும் திறன் குளிரில்தான் குறையும். உறைபனியில் மோட்டாரைக் கிளப்பும்போது பாயும் பெரிய மின்னோட்டம் அதைக் கெடுக்கலாம். சூட்டில் மட்டும் சோதித்துப் பார்ப்பவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

அப்புறம் விரிவு. டிகிரிக்கு ஒரு மீட்டர் அலுமினியம் 23 மைக்ரான் நீளும், எஃகு சுமார் 12. 100 மி.மீ. நீளத்தில் 60 டிகிரி ஏறினால் வித்தியாசம் 0.066 மி.மீ. காந்தத்துக்கு எதிரே விட்ட காற்று இடைவெளி 0.3 மி.மீ.தான் என்றால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறிவிட்டது. இரண்டு உலோகத் தகடுகளை ஒட்டிச் செய்யும் ஈருலோகப் பட்டையைச் சூட்டில் வளைய வைப்பதும் இதே வித்தியாசம்தான். அங்கே அது வேலை, இங்கே தொல்லை.

"இன்வார் போட்டுவிடலாம்" என்று உடனே ஒரு யோசனை வரும். 36 சதவீத நிக்கல் கலந்த அந்த இரும்பு அவ்வளவாக விரியாது, உண்மைதான். ஆனால் அதுவே காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள். பக்கத்தில் வைத்தால் நாம் வேறிடத்துக்கு அனுப்ப நினைத்த புலத்தைத் தன் வழியே இழுத்துக்கொள்ளும். அது விரியாமல் இருப்பதற்குக் காரணமே அந்தக் காந்தத்தன்மைதான். அதனால்தான் 200 டிகிரியைத் தாண்டியதும் மற்ற உலோகங்களைப் போல அதுவும் விரியத் தொடங்குகிறது.