குமுளியில் நின்று ஆங்கிலத்தில் வழி சொல்லப் பழகலாம்

குமுளியில் ஆட்டோ ஓட்டுபவர், ஏலக்காய் கடையில் நிற்பவர், ஹோம்ஸ்டே பார்த்துக்கொள்பவர், கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தினமும் மலையேறி வேலைக்கு வருபவர், இவர்கள் எல்லோருக்கும் ஒரு தேவை பொது. தேக்கடி பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் வழி கேட்டால், அவர் குழம்பாமல் போய்ச் சேரும்படி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். இடத்தைக் காட்டும் ஒரு இருபது சின்னச் சொற்களை அததற்குரிய இடத்தில் போடத் தெரிந்தால் இது நடந்துவிடும். அவற்றை நாம் தினமும் பார்க்கிற இடங்களில் வைத்தே பழகுவோம்.

படி 1: இடச்சொல்லை முன்னால் கொண்டுவாருங்கள்

தமிழில் "பேங்குக்குப் பின்னால்" என்கிறோம். பேங்க் முதலில், பின்னால் என்பது அப்புறம். ஆங்கிலத்தில் இது தலைகீழ்: "பிஹைண்ட் த பேங்க்". தமிழ் வரிசையிலேயே "பேங்க் பிஹைண்ட்" என்று சொன்னால், பேங்க் வேறு எதற்கோ பின்னால் இருக்கிறது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். ஆகவே இந்த வரிசை நாக்கில் பழகும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள். டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணில் படுவதை எல்லாம் சொல்லிப் பாருங்கள்: பிஹைண்ட் த ஷாப், அண்டர் த ட்ரீ, நியர் த டெம்பிள்.

படி 2: ஒரு 'இல்', மூன்று ஆங்கிலச் சொற்கள்

நம்மில் பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். கடையில், ரோட்டில், ஸ்டாப்பில் என்று எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'இல்' போதும். மலையாளத்திலும் அதே 'இல்'தான் என்பதால் பக்கத்துக் கடைச் சேட்டனுக்கும் இதே தடுமாற்றம் இருக்கும். ஆங்கிலம் இதை இன், ஆன், அட் என்று மூன்றாகப் பிரிக்கிறது.

உள்ளே இருப்பதாக நினைத்தால் இன். நான்கு சுவருக்குள் இருக்க வேண்டும் என்பதில்லை, ஒரு எல்லைக்குள் இருந்தாலே போதும். இன் த ஷாப், இன் த ஃபாரஸ்ட், இன் கம்பம், இன் கேரளா.

ஒரு பரப்பின் மேலோ ஒரு கோட்டின் மேலோ இருந்தால் ஆன். ஆன் த டேபிள், ஆன் த ரூஃப் என்பது எளிதாகப் புரியும். கோடு என்பதைத்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ரோடு ஒரு கோடு, ஆற்றங்கரை ஒரு கோடு, மாநில எல்லையும் ஒரு கோடு. அதனால் "த ஷாப் இஸ் ஆன் த மெயின் ரோடு" என்கிறோம். "குமுளி இஸ் ஆன் த பார்டர்" என்பதும் இதே கணக்குதான்.

ஓர் இடத்தை வரைபடத்தில் வைத்த புள்ளியாக நினைத்தால் அட். அட் த செக் போஸ்ட், அட் த ஜங்ஷன், அட் த பஸ் ஸ்டாப். ஊர் எல்லைக்கோட்டின் மேல் இருப்பதால் ஆன் வந்தது. வண்டியை நிறுத்திப் பார்ப்பது அந்தக் கோட்டில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில். ஆகவே "தே செக் வெஹிக்கிள்ஸ் அட் த பார்டர்". எல்லை ஒன்றுதான், நாம் அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதற்கேற்பச் சொல் மாறுகிறது. இதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வண்டிகளுக்கு மட்டும் தனி வழக்கம். ஏறி உள்ளே நடக்க முடிகிற வண்டி என்றால் ஆன்: ஆன் த பஸ், ஆன் த ட்ரெய்ன், தேக்கடியில் ஆன் த போட். குனிந்து உட்கார்ந்துகொள்கிற வண்டி என்றால் இன்: இன் அன் ஆட்டோ, இன் எ ஜீப்.

இறங்குவதற்கும் அப்படியே. பஸ்ஸுக்கு கெட் ஆஃப், ஆட்டோவுக்கு கெட் அவுட். நாம் சொல்லும் "கெட் டவுன்" நம் நாட்டுப் பேச்சு. வெளிநாட்டுக்காரருக்கு அது "குனி" என்றுகூடக் கேட்கும். "கெட் ஆஃப் அட் த லாஸ்ட் ஸ்டாப்" என்று சொல்லுங்கள்.

படி 3: எதிரே, முன்னால், பக்கத்தில்

ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் இருந்தால் ஆப்போசிட். கட்டடத்தின் வாசலுக்கு நேர் முன்னே, இதே பக்கத்தில் இருந்தால் இன் ஃப்ரன்ட் ஆஃப். ஹோட்டல் வாசலில் நிற்கும் ஆட்டோவுக்கு இன் ஃப்ரன்ட் ஆஃப் த ஹோட்டல், ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள மருந்துக்கடைக்கு ஆப்போசிட் த ஹோட்டல். இதை மாற்றிச் சொன்னால் அவர் நடுரோட்டில் நின்று தேடுவார். அமெரிக்கர்கள் ஆப்போசிட்டுக்குப் பதில் அக்ராஸ் ஃப்ரம் என்பார்கள், கேட்டால் திகைக்க வேண்டாம்.

ஆப்போசிட், நியர் இரண்டுக்கும் பின்னால் 'டு' போடாதீர்கள். ஒட்டினாற்போல் அடுத்த கடை என்றால் நெக்ஸ்ட் டு, அதற்கு 'டு' கட்டாயம். பிட்வீன் என்றால் இரண்டு இடத்தையும் சொல்ல வேண்டும்.

படி 4: நகர்வைக் காட்டும் சொற்கள்

த்ரூ என்றால் ஒன்றுக்குள் புகுந்து மறுபுறம் வெளியே வருவது. இதற்கு முல்லைப் பெரியாற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1895-இல் கட்டி முடித்த அணை அது. மேற்கே போக வேண்டிய தண்ணீரைத் தடுத்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே திருப்பி விட்டார்கள். "த வாட்டர் கம்ஸ் த்ரூ த மவுண்டன்". லோயர் கேம்ப்பில் நின்று நிமிர்ந்து பார்த்தால் மின் நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரியும். அவை வருவது டவுன் த மவுண்டன். நம் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுவது அப் த மவுண்டன். இந்த மூன்றையும் பஸ்ஸில் வரும்போதே சொல்லிப் பழகலாம்.

மீதி மூன்று எளிது. குறுக்கே கடந்தால் அக்ராஸ்: அக்ராஸ் த பார்டர். ரோட்டோடு ஒட்டிப் போனால் அலாங்: அலாங் த மெயின் ரோடு. ஒன்றைத் தாண்டிப் போனால் பாஸ்ட்: கோ பாஸ்ட் த சர்ச்.

படி 5: இப்போது வழி சொல்லுங்கள்

"கோ ஸ்ட்ரெய்ட்" என்று மொட்டையாகச் சொன்னால் மரியாதைக் குறைவாக இருக்குமோ என்று பலர் தயங்குகிறார்கள். வழி சொல்லும்போது ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்கள், "போங்க" என்பதற்கு ஈடாக வேறு எதுவும் சேர்க்க வேண்டியதில்லை. முகத்தில் சிரிப்பு இருந்தால் போதும்.

திரும்பும்படி சொல்ல டர்ன் லெஃப்ட், டர்ன் ரைட். கீப் லெஃப்ட் என்றால் திரும்பாமல் இடது ஓரமாகவே போவது. இடம் எந்தப் பக்கம் வரும் என்பதற்கு இட்ஸ் ஆன் யுவர் லெஃப்ட். நாம் தினமும் புழங்கும் சில பெயர்களையும் மாற்றிக்கொள்ளுங்கள்: மெடிக்கல் ஷாப் என்பதை ஃபார்மசி என்றும், பெட்ரோல் பங்க் என்பதைப் பெட்ரோல் ஸ்டேஷன் என்றும், காட் ரோடு என்பதை மவுண்டன் ரோடு என்றும் சொன்னால் உடனே புரியும்.

மதுரையிலிருந்து வந்த பஸ்ஸிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கம், அதாவது தமிழ்நாட்டுப் பக்கம், இறங்கிய ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"எக்ஸ்க்யூஸ் மி, ஹவ் டு ஐ கெட் டு த போட் லேண்டிங்?"

"இட்ஸ் இன் தேக்கடி, அபவுட் ஃபோர் கிலோமீட்டர்ஸ் ஃப்ரம் ஹியர். வாக் அக்ராஸ் த பார்டர். கோ அலாங் த மெயின் ரோடு டு தேக்கடி ஜங்ஷன். ஆஸ்க் அகெய்ன் தேர்."

நான்கு சின்ன வாக்கியங்கள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செய்தி. இவற்றை ஒன்றாக இழுத்துச் சேர்க்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு மூச்சு நிறுத்தி, கையாலும் திசையைக் காட்டுங்கள். முடித்ததும் அவரையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது நல்லது.

படி 6: நீங்களே செய்து பாருங்கள்

கீழே விடையைப் பார்க்காமல் இவற்றை ஆங்கிலத்தில் சொல்லுங்கள். ஏலக்காய் கடை பேங்குக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது. நான் செக் போஸ்ட்டில் நிற்கிறேன், அவர் பஸ்ஸில் இருக்கிறார். கோயிலைத் தாண்டி வலது பக்கம் திரும்புங்கள், ஹோட்டல் உங்களுக்கு இடது பக்கம் வரும்.

விடைகள்: த ஸ்பைஸ் ஷாப் இஸ் பிட்வீன் த பேங்க் அண்ட் த டீ ஷாப். ஐ ஆம் அட் த செக் போஸ்ட், ஹி இஸ் ஆன் த பஸ். கோ பாஸ்ட் த டெம்பிள் அண்ட் டர்ன் ரைட், த ஹோட்டல் இஸ் ஆன் யுவர் லெஃப்ட்.