1/32 டைகர் மாத்: மேல் இறக்கை கோணாமல் நிற்க

பைப்ளேன் (மேலும் கீழுமாக இரட்டை இறக்கை உள்ள விமானம்) பிளாஸ்டிக் மாடல் கிட்டை வாங்குபவர்கள் காக்பிட்டை முடித்துவிடுவார்கள், உடலையும் ஒட்டிவிடுவார்கள். மேல் இறக்கையை ஏற்ற வேண்டிய நாளில்தான் பெட்டியை மூடிப் பரணில் போடுகிறார்கள். எனவே இந்தப் பதிவில் பாதிக்கு மேல் அந்த ஒரு வேலையைப் பற்றித்தான். மற்றவை கிட்டோடு வரும் படத்திலேயே இருக்கின்றன.

டைகர் மாத் 1931-ல் முதலில் பறந்த பயிற்சி விமானம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய விமானப்படையினரும் இதில் பழகினார்கள். 1/32 அளவில், அதாவது அசலில் 32-ல் ஒரு பங்காக, இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 28 செ.மீ., நீளம் சுமார் 23 செ.மீ. முதல் பைப்ளேனுக்கு 1/72 எடுக்காதீர்கள். சின்னது சுலபம் என்று தோன்றும், ஆனால் இரண்டு இறக்கைகளுக்கும் இடையே கம்பி கட்டும்போது விரல் நுழைய இடமிருக்காது.

மேசையில் இருக்க வேண்டியவை

நல்ல நிப்பர் (நகவெட்டி உதவாது, பாகத்தின் ஓரத்தை நசுக்கிவிடும்), 400, 800 எண் உப்புத்தாள், பின் வைஸ் (டிரில் பிட்டைப் பிடித்துக் கையால் சுற்றும் கருவி), 0.3 மி.மீ. டிரில் பிட் நான்கைந்து (நிச்சயம் உடையும்), தண்ணீர் போல் ஓடும் மாடல் சிமென்ட் (பிளாஸ்டிக் ஒட்டும் பசை) ஒன்று, கெட்டியான சிமென்ட் ஒன்று, பெவிக்விக், பெவிகால். மினி டிரில் மெஷின் வேண்டாம். வேகத்தில் பிளாஸ்டிக் உருகி பிட்டைச் சுற்றிக்கொள்ளும்.

இதோடு கண்ணாடிக் கடையில் ஒன்றரை அடிக்கு ஒரு அடி, 5 மி.மீ. கனத்தில் ஒரு துண்டு வெட்டி வாங்குங்கள். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடி மேல் வார்ப்பது மட்டமான பரப்புக்காக, இதுவும் அதற்குத்தான். மரப்பலகை மழைக்காலத்தில் வளையும், கண்ணாடி வளையாது. கீழே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடுங்கள். ஆத்தங்குடித் தரையின் பூ வேலைப்பாட்டில் விழுந்த 2 மி.மீ. பாகத்தை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஒட்டுவதற்கு முன் துளை

பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டுவதற்கு முன்பே பாத்திரம் கழுவும் சோப்புநீரில் அலசிக் காயவிடுங்கள். காக்பிட், இருக்கைப் பட்டை, உடலின் இரண்டு பாதிகள் எல்லாம் வழக்கம்போலத்தான்.

இறக்கைகள் தனித்தனியாக இருக்கும்போதே கம்பித் துளைகள் அத்தனையையும் போட்டுவிட வேண்டும். மேல் இறக்கை ஏறியபின் பின் வைஸ் உள்ளே போகாது. முதலில் குண்டூசியால் குத்தி அடையாளம் வையுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கும். பிறகு 1 மி.மீ. ஆழம் போதும், 1.5-ஐத் தாண்டினால் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். பிட்டில் 1 மி.மீ. தள்ளி ஒரு துண்டு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. துளை செங்குத்தாக இருக்கக் கூடாது, கம்பி போகும் திசையிலேயே சாய்ந்திருக்க வேண்டும். செங்குத்துத் துளையில் நூல் மடிந்துதான் வெளியே வரும், அந்த மடிப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

பெயின்ட்

பயிற்சி விமானத்தின் அடிப்பக்கம் மஞ்சள். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் மேல் நேரே மஞ்சள் அடித்தால் பச்சை பாய்ந்தது போலிருக்கும். அடியில் வெள்ளை பிரைமர் கொடுத்து, டாமியா எக்ஸ்எஃப்-3-ஐ மெல்லியதாக நான்கைந்து தடவை அடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் லாக்கர் வேண்டாம். ஈரக்காற்றில் பால் படர்ந்தது போல் வெளுத்துவிடும். அந்த மாதங்களில் அக்ரிலிக்தான் என் சிபாரிசு.

மேல் இறக்கையின் அடிப்பக்கம், கீழ் இறக்கையின் மேல்பக்கம், டெக்கல் (தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னங்கள்) எல்லாம் இறக்கைகள் தனியாக இருக்கும்போதே முடிய வேண்டும். டெக்கலுக்கு முன் ஒரு கிளாஸ் கோட் (பளபளப்புப் பூச்சு) அவசியம். மொரமொரப்பான பரப்பில் டெக்கலுக்கு அடியில் காற்று தங்கி வெள்ளியாக மின்னும். போர்வெல் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள், உப்புக்கறை நிற்கும். கேன் தண்ணீர் நல்லது.

மேல் இறக்கை

ஒட்டாமல் சும்மா பொருத்திப் பார்க்கும்போது இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது போல் தெரியும். வளைந்துவிட்டது என்று வெந்நீரில் போட்டு நிமிர்த்தப் போகாதீர்கள். முன் இருக்கைக்காரர் பாராசூட்டோடு வெளியேற வசதியாக நடுப்பகுதியை முன்னே தள்ளினார்கள். அதனால் சமநிலை கெடாமலிருக்க இறக்கைகளைப் பின்னே சாய்த்தார்கள். அசல் விமானமே அப்படித்தான்.

முட்டுக்கால்களின் (மேல் இறக்கையைத் தாங்கும் குச்சிகள்) முனையிலும் அவை உட்காரும் குழியிலும் உள்ள பெயின்டைக் கத்தியால் சுரண்டி எடுங்கள். சிமென்ட் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவது, பெயின்டுக்கு மேல் வைத்தால் பெயின்டைத்தான் ஒட்டும். கம்பி கட்டும்போது முட்டுக்கால் பொட்டென்று கழன்றால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

கீழ் இறக்கை ஒரு இரவு முழுக்கக் காய்ந்த பிறகு உடலைக் கண்ணாடி மேல் வைத்து, அசையாதபடி தெர்மாகோல் துண்டுகளால் அணை கட்டுங்கள். நடுவில் இருக்கும் நான்கு முட்டுக்கால்களை முதலில் கெட்டிச் சிமென்டால் நிறுத்தி, அது இறுகுவதற்குள் மேல் இறக்கையின் நடுப்பகுதியை அவற்றின் மேல் வையுங்கள். இங்கே மெல்லிய சிமென்ட் வேண்டாம். சித்திரை வெயிலில் அது நொடியில் ஆவியாகிவிடும், திருத்தவே நேரம் கிடைக்காது. பெவிக்விக் கூடவே கூடாது. கெட்டிச் சிமென்ட் ஐந்து நிமிடமாவது விட்டுக்கொடுக்கும்.

அந்த ஐந்து நிமிடத்தில் பார்க்க வேண்டியது இரண்டு அளவுதான். வால் நுனியில் ஒரு நூலைப் பிடித்து வலது இறக்கை நுனி வரை அளந்து, அதே நூலை இடப்பக்கம் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். அடுத்து, இரண்டு நுனியும் கண்ணாடியிலிருந்து ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று ஸ்கேலை நிறுத்திப் பாருங்கள். 1 மி.மீ. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், அரை மி.மீ. தெரியாது. நடுப்பகுதி மறுநாள் இறுகிய பிறகு வெளி முட்டுக்கால்கள். நான்கையும் ஒரே சமயத்தில் கீழே நிறுத்தி, மேல் நுனிகளை ஒவ்வொன்றாகக் குழியில் தள்ளுங்கள். ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனால் இறக்கை முறுக்கிக்கொள்ளும்.

கம்பி

உடலின் கீழிருந்து மேல் இறக்கையின் வெளிப்பக்கம் போவது பறக்கும்போது இழுபடும் கம்பி. மேலே நடுவிலிருந்து கீழ் இறக்கைக்கு இறங்குவது தரையில் நிற்கும்போது இறக்கையின் எடையைத் தாங்குவது. இது புரிந்துவிட்டால் எந்தக் கம்பி எங்கே என்று படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. நடுவிலிருந்து வெளியே வாருங்கள், வெளிக்கம்பியை முதலில் கட்டினால் உள்ளே கை போகாது.

அசலில் 6 மி.மீ. அகலம் என்றால் இந்த அளவில் 0.19 மி.மீ. ஆரம்பக்காரர்களுக்கு லைக்ரா எலாஸ்டிக் நூல். ஒரு முனையைத் துளையில் பெவிக்விக் வைத்து ஒட்டி, இறுகியதும் லேசாக இழுத்து மறுமுனை. பசையை டப்பாவிலிருந்து நேரே விடாதீர்கள், ஊசி நுனியில் தொட்டு வையுங்கள். தூண்டில் நரம்பு இன்னும் அழகாக இருக்கும், ஆனால் அதிகம் இழுத்தால் நேராக வைத்த இறக்கையையே வளைத்துவிடும். நரம்பைச் சற்றுத் தொய்வாகவே ஒட்டிவிட்டு, எரியும் ஊதுபத்தியை அரை அங்குலம் தள்ளிக் காட்டுங்கள். தானே சுருங்கி விறைக்கும். எலாஸ்டிக் நூல் பக்கம் ஊதுபத்தியைக் கொண்டுபோகாதீர்கள், அறுந்துவிடும்.

முன்கண்ணாடிகளைக் கடைசியில் பெவிகாலால் ஒட்டுங்கள். பெவிக்விக்கின் ஆவி அவற்றை மங்கலாக்கிவிடும்.

பின்சேர்க்கை

வீட்டு அலமாரியில் வைத்தபின் இறக்கை பிசுபிசுக்கிறது என்றால் பெயின்டைச் சந்தேகிக்கும் முன் அலமாரியைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்குப் போட்ட பாச்சை உருண்டை அதே தட்டில் இருக்கும். நாப்தலீன் ஆவி பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். உருண்டையை எடுங்கள், அல்லது விமானத்தை வேறு அலமாரிக்கு மாற்றுங்கள்.