பழைய காரின் கிளச் கேபிள்: இறுக்குவதா, தளர்த்துவதா?

ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் ஏறவில்லை என்றால் நம்மூரில் உடனே வரும் யோசனை, "கேபிளை இறுக்கிப் பாருங்க". அது நேர்மாறு. இப்படிக் கிளச் சிலிப் ஆனால், அதாவது பிடிக்காமல் வழுக்கினால், கேபிளைத் தளர்த்த வேண்டும். பெடலை முழுக்க மிதித்தும் கியர் கரகரவென்று கடித்தால்தான் இறுக்க வேண்டும். கிளச் பிளேட் தேயத் தேய பெடலின் வெற்று அசைவு (கிளச் வேலை செய்யத் தொடங்கும் முன் பெடல் லேசாகப் போகும் தூரம்) குறைந்துகொண்டே வரும். அது தீர்ந்துபோனால் நீங்கள் கால் வைக்காமலே கிளச் அரைகுறையாக மிதிபட்டு நிற்கும்.

இது மாருதி 800 போன்ற கேபிள் வண்டிகளுக்கு. கிளச்சுக்கென்று தனியாக ஒயில் போத்தல் இருந்தால் அது வேறு கதை.

ஹட்டன் மலைப்பக்கம் சமதரை கிடைப்பது கஷ்டம். பள்ளப் பக்கத்தில் சில்லுகளுக்குக் கல் வையுங்கள். கியரில் விட்டிருக்கிறேனே என்று இருக்க வேண்டாம், கிளச்சை மிதித்ததும் அந்தப் பிடி போய்விடும். எஞ்சின் ஆறியிருக்கட்டும்.

பெடலைக் கையால் அழுத்துங்கள். காலுக்கு இந்த அசைவு தெரியாது. லேசாகப் போய், ஓரிடத்தில் கனக்கும். அதுவரையான தூரத்தை அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் 15 முதல் 30 மி.மீ.க்குள் வரும், உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவே முடிவு.

இனி பொனட்டைத் திறந்து, கேபிள் கியர்பெட்டியில் நெம்புகோலைப் பிடிக்கும் நுனிக்குப் போங்கள். மழையும் பனியும் பட்டு அங்குள்ள மரை துருப்பிடித்திருக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, துருநீக்கி அடித்து, ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். நட்டைத் திருப்பும்போது கேபிளின் மரை முனையைக் குறடால் பிடித்தே ஆக வேண்டும். பிடிக்காவிட்டால் நட்டோடு சேர்ந்து உள்கம்பியும் முறுக்கிக்கொள்ளும். இழைகள் ஒவ்வொன்றாக அறுவது அப்படித்தான். மரையையே கடிக்காமல் அதன் அடியில் தட்டையான இடத்தைப் பிடியுங்கள். அட்ஜஸ்டபிள் ஸ்பெனர் இந்த வேலைக்கு ஆகாது, நட்டின் மூலையை மழுக்கிவிடும். அளவான ஸ்பெனரே நல்லது.

நுனியில் உள்ள நட்டை இறுக்கினால் அசைவு குறையும், தளர்த்தினால் கூடும். அரைச் சுற்றுத் திருப்பி, பெடலைப் பலமுறை மிதித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கேபிள் தன் இடத்தில் உட்காருவதற்குள் அளந்தால் கணக்குத் தப்பும். லொக் நட் (முதல் நட்டு நகராமல் பூட்டும் இரண்டாவது நட்டு) இருந்தால் கடைசியில் மறக்காமல் இறுக்குங்கள்.

நண்பர் ஒருவர் எல்லாம் செய்தும் ரிவர்ஸ் கியர் கடிக்கிறது என்றார். பெடலின் கீழே தடித்த ரப்பர் விரிப்பு இரண்டு அடுக்காகக் கிடந்தது. விரிப்பை எடுத்தார், சரியாகிவிட்டது.

கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏறும் பாதையில் மூன்றாம் கியரில் அக்சிலரேட்டரை அழுத்திப் பாருங்கள். சத்தம் கூடும் அளவுக்கு வேகமும் கூட வேண்டும். அசைவு சரியாக இருந்தும் சிலிப் ஆனாலோ, தளர்த்த மரையில் இடமே இல்லாவிட்டாலோ, பிளேட் முடிந்துவிட்டது. கியர்பெட்டியை இறக்கும்போது ரிலீஸ் பெயாரிங்கையும் (பெடலை மிதிக்கும்போது கிளச்சை அழுத்தி விடுவிக்கும் பெயாரிங்) சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். அதற்காக இன்னொருமுறை கூலி கொடுக்க வேண்டியதில்லை.