கடலூரில் மனை வாங்குமுன்: ஒரு மேஸ்திரியின் வெள்ளக் கணக்கு

கடலோரத்தில் மனை காட்டுகிறேன் என்று யாராவது கூட்டிப்போனால், முதலில் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். புரோக்கர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் பெரும்பாலானது பின்னால் இருக்கிற ஆற்றிலிருந்து வந்ததுதான்.

நான் கடலூரில் 31 வருஷம் கட்டட மேஸ்திரியாக இருந்தவன். முழங்கால் தேய்ந்த பிறகு சாரம் ஏறுவதில்லை. தெரிந்தவர்கள் மனை பார்க்கப் போகும்போது என்னையும் வண்டியில் ஏற்றிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் சொன்னதையே சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதிவைக்கிறேன்.

எங்கள் ஊரின் அமைப்பு இது. வடக்கே தாழங்குடாவில் தென்பெண்ணை கடலில் சேர்கிறது. ஊருக்கு நடுவே கெடிலம் ஓடி தேவனாம்பட்டினத்தை ஒட்டிப் போகிறது. தெற்கே ஓ.டி. என்று நாங்கள் சொல்கிற பழைய நகர் (ஓல்டு டவுன்) பக்கம் உப்பனாறும் பரவனாறும். மேற்கே எங்கோ பெய்த மழையெல்லாம் எங்கள் தெருவைக் கேட்டுக்கொண்டுதான் கடலுக்குப் போகும். புயல் நேரத்தில் கடல் மேலே ஏறி நிற்கும். ஆற்றுத் தண்ணீரை வாங்கிக்கொள்ளாது. 'கடல் தண்ணிய வாங்கல' என்று மீனவர்கள் சொல்வது அதைத்தான். வாங்காத தண்ணீர் வீட்டுக்குள் வரும்.

2015 நவம்பரில் நெய்வேலிப் பக்கம் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியபோது பார்த்தோம். 2024 ஃபெஞ்சல் புயலில் வேறு விதமாகப் பார்த்தோம். எங்களுக்கு மழை குறைந்து, ஈரத்துணியைக் கொடியில் போட்ட பிறகு, டிசம்பர் 2 விடியற்காலையில் திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். தென்பெண்ணைக் கரையில் இருந்தவர்கள் மழையில்லாத நாளில் மூழ்கினார்கள். வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செய்தியில் தென்பெண்ணை வழியில் இருக்கிற சாத்தனூர், திருக்கோவிலூர், எல்லீஸ் சத்திரம், சொர்ணாவூர் என்ற பெயர்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று கவனியுங்கள். தண்ணீர் அந்த வரிசையில்தான் வரும்.

சரி, மனைக்கு வருவோம்.

பெயரை விசாரியுங்கள். லேஅவுட்டுக்கு ஏதாவது ஒரு 'நகர்' பெயர் வைத்திருப்பார்கள், அது நேற்று வைத்தது. அந்த இடத்துக்குப் பழைய பெயர் என்ன என்று அங்கே ஆடு மேய்க்கிற பெரியவரைக் கேளுங்கள். தாங்கல், பள்ளம், ஓடை, அளம் என்று வந்தால் யோசியுங்கள். மேடு என்றால் நல்லது. திட்டு என்றால் அரை நல்லது: திட்டு தானும் மேடுதான், ஆனால் சுற்றித் தண்ணீர் நிற்கும், வெளியே வரப் படகு வேண்டும். அப்புறம் அ-பதிவேட்டில் (எந்த நிலம் என்ன வகை என்று வருவாய்த்துறை எழுதிவைத்த பதிவேடு) உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்க்காமல் நாலு பக்கத்து எண்களையும் பாருங்கள். பக்கத்து எண் வாய்க்கால் புறம்போக்கு என்று இருந்து, நேரில் அங்கே வாய்க்காலே இல்லை என்றால், அந்த வாய்க்கால் எங்கும் போய்விடவில்லை. மழைக்காலத்தில் திரும்பி வரும்.

இப்போது என்னுடைய வித்தை. இதற்குத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.

கொத்தனார் டியூப் தெரியுமா? சுண்டுவிரல் பருமனில் கண்ணாடி மாதிரி தெரிகிற பிளாஸ்டிக் டியூப், 20 மீட்டர் போதும். அதில் தண்ணீர் நிரப்பினால் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நடுவே சுவர் இருந்தாலும் சரி, சந்து இருந்தாலும் சரி. இதை வைத்துக்கொண்டு பழைய வெள்ளத்தின் மட்டத்தை உங்கள் மனைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

முதலில் வெள்ளக் கோடு வேண்டும். புரோக்கரைக் கேட்காதீர்கள், அந்தத் தெரு மளிகைக் கடையில் கேளுங்கள். எத்தனை அடி வந்தது என்று கேட்டால் ஒருவர் இரண்டு என்பார், ஒருவர் ஆறு என்பார். எந்தப் படி வரைக்கும் வந்தது, அரிசி மூட்டையை எந்தத் தட்டுக்கு ஏற்றினீர்கள் என்று கேளுங்கள். பெண்களிடம் கேட்டால் இன்னும் சரியாக வரும், அந்த வீட்டைக் கழுவியவர்கள் அவர்கள்தானே. மர பீரோவின் பின்பக்கம், மாவு மில்லின் உள்சுவர், கோயில் மதில், இந்த மூன்றிலும் கோடு தங்கும். புதிதாக வெள்ளையடித்த சுவரை நம்பாதீர்கள். சுவரில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருப்பதை வெள்ளக் கோடு என்று நினைக்கிறார்கள். அது தரை ஈரம் மேலேறியதாகவும் இருக்கலாம். வெள்ளக் கோடு ரசமட்டம் வைத்த மாதிரி நேராக இருக்கும், உப்புப் பூத்தது மேலும் கீழுமாகப் போகும்.

கோடு கிடைத்துவிட்டதா? டியூபில் ஒரு முனையைத் தண்ணீர் வாளிக்குள் போட்டு மறுமுனையை உறிஞ்சி நிரப்புங்கள். ஒரு சொட்டு நீலம் விட்டால் மட்டம் நன்றாகத் தெரியும். நடுவில் குமிழி இருக்கவே கூடாது, இருந்தால் கணக்கு பொய். ஆளுக்கு ஒரு முனை, கட்டைவிரலால் மூடிக்கொண்டு நடங்கள். ஒருவர் கோட்டுச் சுவரில், இன்னொருவர் 15 மீட்டர் தள்ளி ஒரு கம்பத்தில். இரண்டு பேரும் விரலை எடுக்க வேண்டும். ஒருவர் எடுக்க மறந்தால் தண்ணீர் அசையாது. என் மச்சான் ஒருமுறை அப்படி மறந்து, ஒரு மனையை மலை உச்சி ஆக்கினார். டியூப் பாதி வெயிலில் பாதி நிழலில் கிடந்தாலும் மட்டம் கொஞ்சம் ஏமாற்றும். தண்ணீர் அலைவது நின்றதும் கோட்டுக்குச் சமமாக மட்டம் வரும்வரை ஏற்றி இறக்கி, கம்பத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். அங்கிருந்து அடுத்த கம்பம், அடுத்த மரம், கடைசியில் உங்கள் மனையில் நட்ட குச்சி. குச்சியில் போட்ட கோட்டிலிருந்து தரைக்கு டேப் பிடித்தால் அன்று அங்கே நின்ற ஆழம்.

ஒரு எச்சரிக்கை: இது ஒரே தெரு, அடுத்த தெரு வரைக்கும்தான். ஓடுகிற வெள்ளத்துக்குச் சரிவு உண்டு. பாலத்துக்கு மேற்கே இருந்த கோட்டைக் கிழக்கே கொண்டுபோனால் தப்பாகிவிடும்.

2016இல் மச்சானுக்காக ஆற்றோரத்தில் ஒரு மனைக்கு இப்படி அளந்தேன். 2015 கோட்டுக்கும் தரைக்கும் நாலேகால் அடி. 'ரெண்டு அடி கிராவல் அடிச்சா முடிஞ்சுது' என்றார் புரோக்கர். மச்சான் வாங்கவில்லை. பிறகு வேறொருவர் வாங்கிக் கட்டினார். 2024இல் அவர் வீட்டு ஜன்னல் கட்டை வரைக்கும் தண்ணீர் நின்றது. நான் சரி என்று காட்ட இதைச் சொல்லவில்லை, அவர் பிள்ளைகளின் புத்தகங்களை மொட்டைமாடியில் காயவைத்ததைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வீட்டுத் தளம் தெரிந்த வெள்ளக் கோடுகளில் உயர்ந்ததற்கு மேல் இரண்டு அடி. இது என் கணக்கு. ரோட்டிலிருந்து அளக்கவே அளக்காதீர்கள். 1998இல் என் வீட்டை ரோட்டுக்கு மேல் இரண்டரை அடி உயர்த்திக் கட்டினேன். பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே மூன்று தடவை ரோடு போட்டார்கள். இப்போது வாசலுக்கும் ரோட்டுக்கும் ஒரு அடிகூட இல்லை. ஒப்பந்ததாரரிடம் கேட்டதற்கு 'ரோடு நல்லா இருக்கா இல்லையா?' என்றார். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது.

மண் அடித்து உயர்த்துவதைவிடத் தூண் நிறுத்தி மேலே கட்டுவது நல்லது. மண் அடித்தால் உங்கள் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும், அவர் மதில் கட்டுவார், அப்புறம் வாழ்நாள் முழுக்கப் பேச்சுவார்த்தை இருக்காது.

இனி கடல் பக்கம் திரும்பலாம்.

மார்ச் மாதத்தில் காட்டுகிற கடற்கரையை நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவத்தில் அலை மணலைத் தின்னும், கோடையில் திருப்பிப் போடும். டிசம்பர், ஜனவரியில் போய்ப் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய வருஷப் படங்களைப் பார்ப்பதானாலும் ஒரே மாதத்துப் படங்களை ஒப்பிடுங்கள். நேரில் போனால், சவுக்கு வேர் வெளியே தெரிகிறதா, மணல் கத்தியால் வெட்டின மாதிரி செங்குத்தாக நிற்கிறதா என்று கவனியுங்கள். மணல்மேட்டில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்திருந்தால் அந்த மேடு பல வருஷமாக அங்கேயே இருக்கிறது என்று அர்த்தம். அதை வழித்துவிட்டுத்தான் 'கடல் தெரிகிற வீடு' கட்டுகிறார்கள். உயர் ஓத எல்லையிலிருந்து, அதாவது ஓதம் ஏறும்போது கடல் வந்து தொடும் கோட்டிலிருந்து, 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் மனை என்றால் அனுமதி விஷயத்தை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கருங்கல் கொட்டியிருக்கிறது, தூண்டில் வளைவு (கடலுக்குள் நீட்டிய கல் தடுப்பு) போட்டிருக்கிறது, பயமில்லை என்பார்கள். கல் எங்கே முடிகிறது என்று கேளுங்கள். நம் கரையில் ஒரு வருஷத்தைக் கூட்டிக் கழித்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. நடுவில் எதை நீட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே இராயபுரமும் திருவொற்றியூரும் கரைந்ததும் இதனால்தான். பக்கத்திலேயே பாருங்கள்: 1980களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைத்தடுப்புக் கட்டினார்கள், நகரத்துக் கடற்கரை மணல் போய்க் கருங்கல் வந்தது. கல் போட்டதும் அரிப்பு நிற்கவில்லை, வடக்கே இருந்த குப்பங்களுக்கு நகர்ந்தது. பிறகு தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் ஒரு தடுப்பு வைத்துக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆகவே கல்லுக்கு நேர்பின்னால் வீடு இருந்தால் சுமார், தெற்கே இருந்தால் நல்லது, கல் முடிந்த இடத்துக்கு உடனே வடக்கே இருந்தால் அந்த மனையை விட்டுவிடுங்கள்.

கற்களின் அடியையும் பாருங்கள். கல்லுக்கும் மணலுக்கும் நடுவே வடிகட்டித் துணி போடாமல் கொட்டியிருந்தால் மணல் இடுக்கு வழியே உறிஞ்சிப் போய்க் கல் இறங்கும். வரிசை நடுவில் குழிந்திருந்தால் அதுதான் விஷயம். மழைத்தண்ணீர் வெளியேறும் குழாய் வாயில் கதவு இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் கடல் ஏறும்போது அதே குழாய் வழியாக உள்ளே வரும்.

புயல் வரும்போது துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு என்பதையே எல்லோரும் பேசுவார்கள். நீங்கள் ஒன்றைக் கேளுங்கள்: நமக்குத் தெற்கே கடக்கிறதா, வடக்கே கடக்கிறதா? இந்தப் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். தெற்கே கடந்தால் காற்று கடலைத் தள்ளிக்கொண்டு நம்மேல் வரும். வடக்கே கடந்தால் காற்று தரையிலிருந்து அடிக்கும், கடல் அவ்வளவு ஏறாது. 2011 டிசம்பர் 30இல் வந்த 'தானே' புயல் மாதிரி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவிலேயே கடந்தால் எந்தக் கணக்கும் பார்க்காமல் முதல்நாளே போய்விட வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமி ஓதத்தோடு சேர்ந்தால் இன்னும் மோசம். சுனாமிக்கு இந்த அளக்கிற வேலை எதுவும் உதவாது. நிலம் வெகுநேரம் ஆடினாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ ஓட வேண்டும், அவ்வளவுதான். 2004 பற்றி நான் எழுதுவதில்லை.

வெள்ளம் வரும் என்று தெரிந்தால் வாசலில் மணல்மூட்டை அடுக்குகிறார்கள். தண்ணீர் கக்கூஸ் வழியாக வரும். செப்டிக் டேங்க் நிறைந்ததும் கோப்பையில் பொங்கும். தடிமனான பிளாஸ்டிக் பைக்குள் மணல் கட்டி முதல் மூட்டையைக் கோப்பைக்குள் வையுங்கள், குளியலறை ஓட்டைக்கு இன்னொன்று. மெயின் சுவிட்சை அணைக்கத் தண்ணீர் உள்ளே வரும்வரை காத்திருக்க வேண்டாம். கேஸ் சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள், மிதக்கும். பத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, அதை எல்லோரும் முதலில் எடுத்துவிடுகிறார்கள், மாத்திரையைத்தான் மறப்பார்கள்.

கிணற்றில் கடல்நீர் புகுந்திருந்தால் மோட்டார் போட்டு ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். நல்ல தண்ணீர் மேலே மிதக்கிறது, அதை எடுத்துவிட்டால் அடியிலிருந்து உப்புத்தான் ஏறிவரும், மணல் கிணறு சரியவும் செய்யும். கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துச் சேற்றை எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, அடுத்த மழைகள் கழுவ விடுங்கள். அதுவரை குடிக்க வேண்டாம்.

வீட்டைக் கழுவுவதற்கு முன்னால் ஒரு வேலை. தண்ணீர் நின்ற மட்டத்தில் ஆணியால் கோடு கிழித்துத் தேதி போடுங்கள். வெள்ளையடிக்க வருபவரிடம் அந்த ஒரு சாண் இடத்தை விட்டுவிடச் சொல்லுங்கள். என் வீட்டுக் கூடத்தில் 2015 கோடு அப்படித்தான் இருக்கிறது. விருந்தாளி வந்தால் என் மருமகள் அதன்மேல் காலண்டரை மாட்டிவிடுவாள். யாராவது மனை பார்க்கப் போகிறேன் என்று வந்தால் அவளே கழற்றிக் காட்டுவாள்.